லேர்னிங் ஸ்டைலை வைத்து அடாப்டிவ் லேர்னிங்கில் பிஎச்.டி. செய்யலாமா?

குடியாத்தம்_தேவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன், பார்ட் டைமில் பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். தலைப்பு பொதுவாக "மாணவருக்கேற்ப மாறும் இணையவழிக் கற்றல்" என்றுதான் இருக்கிறது, உள்ளே என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

கைடு சொல்லும் வழி இது. லேர்னிங் ஸ்டைலை, அதாவது அவரவர் கற்கும் பாணியை, அளக்கும் ஃபெல்டர்-சில்வர்மேன் மாதிரியின் 44 கேள்விகளைக் கொடுத்து மாணவர்களை நிரப்பச் சொல்ல வேண்டும், படமாகப் பார்த்தால் பிடிபடுபவர் யார், சொல்லாகக் கேட்டால் பிடிபடுபவர் யார் என்று பிரிக்க வேண்டும். அப்புறம் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், எதை க்ளிக் செய்தார் என்ற பதிவுகளை வைத்து மெஷின் லேர்னிங் அதே பிரிவைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் ஒருவருக்கு வீடியோ, இன்னொருவருக்கு உரை. இந்த மாதிரிக் கட்டுரைகள் தேடத் தேட வருகின்றன, எல்லாவற்றிலும் கடைசியில் அக்யுரசி டேபிள் ஒன்று இருக்கிறது, ஆனால் மாணவர் கூடுதலாகக் கற்றாரா என்று பார்த்தவை ரொம்பக் குறைவு.

வகுப்பில் நான் பார்ப்பது வேறாக இருக்கிறது. முதலாம் ஆண்டில் பாதிக்கு மேல் தமிழ் மீடியம், அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்துப் பிள்ளைகள், பேரணாம்பட்டிலிருந்து வரும் சிலர் உருது மீடியம். பைத்தான் லேபில் ஒரு பெண், கேள்வி ஆங்கிலத்தில் ஒரு பத்தி நீளத்துக்கு இருந்தது, ஒன்றுமே எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். அதே கேள்விக்கான புரோக்ராமை மட்டும் பேப்பரில் எழுதி, "இதை ஓட்டினால் என்ன வரும்?" என்று கேட்டேன். ரேஞ்ச் 1, 6 என்று கொடுத்திருந்தேன். 1, 2, 3, 4, 5 என்று எழுதிவிட்டு, "6 வராது இல்லையா மேடம்" என்றும் சொன்னாள். லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை, அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் எந்த சிஸ்டமும் அவளை "லூப்பில் பலவீனம்" என்றுதான் குறித்து வைக்கும். இவளுக்கு வீடியோவா உரையா என்ற கேள்வி இங்கே எதற்கு உதவும்?

கேட்க வேண்டியது மூன்று. லேர்னிங் ஸ்டைல் வழியில் போகலாமா, வேண்டாமா? டீப் லேர்னிங் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) வைத்துச் செய்தால்தான் இப்போது மதிப்பா? அப்புறம் எல்லாக் கட்டுரைகளும் முதல் பத்தியிலேயே கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூமின் "2 சிக்மா" என்று தொடங்குகின்றனவே, அதை அப்படியே நம்பலாமா? டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் அடுத்த மாதம் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

தேவி மேடம், லேர்னிங் ஸ்டைலை விட்டுவிடுங்கள். சுற்றி வளைக்காமல் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று நான்கு வருட உழைப்பு இதில் போகும்.

2008-ல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி. "படமாகப் பார்ப்பவர்", "சொல்லாகக் கேட்பவர்" என்று இரண்டு கூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூட்டத்தையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் படத்தாலும் மறு பாதிக்குச் சொல்லாலும் பாடம் நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். படக்காரர்கள் படத்தில் மேலே வந்து, சொல்காரர்கள் சொல்லில் மேலே வந்தால்தான் ஸ்டைலுக்கு ஏற்பக் கற்பிப்பதில் பலன் இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருமே படத்தில் நன்றாகச் செய்தார்கள் என்றால் அது படத்தின் பலன், அதற்கு ஸ்டைல் எதற்கு, எல்லோருக்கும் படத்தையே காட்டிவிடலாமே. இந்த மாதிரி முறையாகச் செய்த சோதனைகள் மிகச் சிலவே கிடைத்தன, கிடைத்தவற்றிலும் சில அந்தக் கருத்துக்கு நேர் எதிராக வந்தன. ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை, விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் போதாது என்றார்கள். அப்படியிருக்க, 44 கேள்விகள் சொல்லும் பிரிவை ஒரு அல்காரிதம் 90 சதவீதம் சரியாக ஊகித்தால் நமக்கு என்ன கிடைத்தது? பயனே உறுதியாகாத ஒரு முத்திரையை வேகமாகக் குத்தும் இயந்திரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ப்ளூம் விஷயம். 1984-ல் சிகாகோவிலிருந்து எழுதினார். தனி ஆசிரியரிடம், தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்த பாடம் என்ற முறையில் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரை விட மேலே இருந்தார் என்பதுதான் அந்த 2 சிக்மா, அதாவது இரண்டு திட்ட விலக்கம். அதன் அடிப்படை அவருடைய மாணவர்கள் இருவரின் பிஎச்.டி. ஆய்வுகள், நான்காம், ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நிகழ்தகவு, நிலவரைபடம் பற்றிய பாடங்களில், மூன்று வார அளவில் செய்தவை. குறுகிய பாடம், குறுகிய காலம், பாடத்தோடு ஒட்டிய தேர்வு. அதே உயரத்தை ஒரு முழு வருடப் பாடத்தில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2011-ல் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது மனித ஆசிரியரின் எஃபெக்ட் சைஸ், அதாவது ஒப்பிட்ட குழுவை விட எத்தனை சிக்மா மேலே என்ற அளவு, 0.79 என்றுதான் வந்தது.

அந்த 2011 கட்டுரையை அவசியம் முழுதாகப் படியுங்கள், உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்லும் சிஸ்டங்களுக்கு 0.31. மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்து அங்கேயே திருத்தும் சிஸ்டங்களுக்கு 0.76, கிட்டத்தட்ட மனிதருக்குப் பக்கத்தில். வித்தியாசம் எங்கே வருகிறது பாருங்கள். மாணவர் எந்த இடத்தில் சறுக்குகிறாரோ அந்த இடத்திலேயே பிடிப்பதில் வருகிறது, வீடியோவா உரையா என்பதில் இல்லை. உங்கள் லேப் பெண் விஷயத்தில் நீங்கள் செய்ததும் இதுதான், கேள்வியைப் பிரித்து எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்த்தீர்கள்.

இன்னொன்று. 2016-ல் குலிக்கும் ஃப்ளெட்சரும் இந்த மாதிரி கம்ப்யூட்டர் ட்யூட்டர்கள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆய்வாளரே தயாரித்த தேர்வுகளில் விளைவு 0.73, பொதுவான தரப்படுத்திய தேர்வுகளில் 0.13. டி.சி.யில் யாராவது விவரமானவர் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பார்: "வினாத்தாள் யார் எடுத்தது?" அதனால் பல்கலைக்கழக செமஸ்டர் மதிப்பெண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்த டெஸ்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

ஒடுகத்தூர்_வாத்தியார் எழுதியது:

தேவியம்மா, நான் தொடக்கப் பள்ளிக்காரன், ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், மெஷின் லேர்னிங் எனக்குத் தெரியாது. ஆனால் மாணவருக்கேற்ப மாறும் கற்றல் என்பது கம்ப்யூட்டரோடு வந்தது என்று உங்கள் ஆய்வேட்டில் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

செயல்வழிக் கற்றல் என்று 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்கு வரை வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். அதன் வேர் நமக்கு வெகு தூரத்தில் இல்லை, சித்தூர் தாண்டி மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியில் இருக்கிறது, அங்கே சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை. சுவரில் கற்றல் ஏணி தொங்கும், தட்டில் அட்டைகள் இருக்கும், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படமும் எண்ணும் இருக்கும். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தான் எங்கே விட்டேன் என்று கண்டுபிடித்து, தன் அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்காரும். காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளையும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். தரையோடு தாழ்வாகக் கரும்பலகை அடித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்திருந்தோம். இப்போது 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் வந்திருக்கிறது, அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பாடம், வகுப்பைப் பார்த்து இல்லை. இவற்றையெல்லாம் இலக்கிய மீளாய்வில் ஒரு பகுதியாகவாவது வையுங்கள்.

எங்களுக்கு அதில் எது கடினமாக இருந்தது தெரியுமா? பிள்ளை அட்டையை முடித்துவிட்டேன் என்று வரும், பார்த்தால் விடை சரியாக இருக்கும், அடுத்த அட்டைக்கு அனுப்பிவிடுவோம், அங்கே போய்த்தான் திண்டாடும். ஒரு சிறுமி கழித்தல் கணக்கில் 58-லிருந்து 23 போனால் 35 என்று சரியாகப் போட்டாள். அடுத்து 52-லிருந்து 27 போனால் என்று கேட்டால் அதற்கும் 35. பத்து வரிசையில் கடன் வாங்கவில்லை, 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள். பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள். அவளுக்குக் கவனக்குறைவு இல்லை, ஒரு விதி தப்பாக இருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல் எந்த எண்ணில் முதலில் வைக்கிறது என்று பார்த்தபோதுதான் புரிந்தது. உங்கள் சிஸ்டம் இதைப் பார்க்குமா என்பதுதான் என் கேள்வி.

கேவிகுப்பம்_டேட்டா எழுதியது:

வாத்தியார் சார் சொன்ன அந்தக் கழித்தல் விஷயத்துக்கு ஆராய்ச்சியில் பெயரே உண்டு. 1978-ல் ஜான் சீலி ப்ரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் "பக்கி" என்ற ஒரு புரோக்ராம் எழுதினார்கள், பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தப்புகளை "பக்"குகளாகப் பட்டியலிட்டு, ஒரு பிள்ளையின் விடைகளைப் பார்த்து எந்த பக் இருக்கிறது என்று கண்டுபிடிக்க. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அதில் மிகப் பிரபலமானது. அதனால் சிஸ்டத்தால் பார்க்க முடியும் சார், ஆனால் வெறும் சரி, தப்பு என்ற ஒன்று, பூஜ்யம் மட்டும் சேமித்தால் முடியாது. அந்தச் சிறுமியின் பதிவில் ஒரு சரி, ஒரு தப்பு என்றிருக்கும், சிஸ்டம் "பாதி தெரியும்" என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் கடன் வாங்காத கணக்கு முழுக்கத் தெரியும், கடன் வாங்கும் கணக்கு சுத்தமாகத் தெரியாது. தேவி மேடம், எழுதிய விடையை அப்படியே சேமியுங்கள். இதைவிட முக்கியமான ஆலோசனை என்னிடம் இல்லை.

டீப் லேர்னிங் பற்றி. கார்னகி மெலனில் கார்பெட்டும் ஆண்டர்சனும் 1990-களின் நடுவில் பேயீசியன் நாலெட்ஜ் ட்ரேசிங் கொண்டுவந்தார்கள், மாணவரின் ஒவ்வொரு விடையையும் பார்த்து அவருக்கு அந்தத் திறன் தெரியுமா என்று ஊகித்துக்கொண்டே போகும் முறை, அதுவும் புரோக்ராமிங் கற்றுக்கொடுக்கும் ட்யூட்டருக்காக, அதாவது உங்கள் பைத்தான் லேபுக்கு நேர் முன்னோடி. ஒரு திறனுக்கு நான்கே எண்கள்: தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முயற்சியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமல் குருட்டாம்போக்கில் சரியாகப் போடும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. தெரியும் என்ற நிகழ்தகவு 0.95-ஐத் தொட்டால் தேர்ச்சி. 2015-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பீக் முதலானோர் டீப் நாலெட்ஜ் ட்ரேசிங் என்று நியூரல் நெட்வொர்க் வைத்துச் செய்து பெரிய முன்னேற்றம் காட்டினார்கள். அடுத்த வருடமே அவர்கள் பயன்படுத்திய, அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இணையவழிக் கணக்குப் பயிற்சித் தளத்தின் டேட்டாவில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவதை வேறு ஒரு குழு காட்டியது. இன்னொரு குழு, காஜா, லிண்ட்ஸி, மோசர், பழைய மாதிரியிலேயே மறதி போன்ற சில அம்சங்களைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது என்று காட்டியது. உங்களிடம் இருக்கப்போவது இரண்டு மூன்று செக்‌ஷன் மாணவர்கள். கொரியாவின் எட்நெட் என்ற தரவுத் தொகுப்பில் 7 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் 13 கோடி பதிவுகள் இருக்கின்றன, அந்த அளவுக்கு வேண்டுமானால் நியூரல் நெட்வொர்க் சரி. உங்கள் டேட்டாவுக்குப் பழையதே போதும், அதில் எண்களுக்கு அர்த்தமும் சொல்ல முடியும், டி.சி.யில் கேட்டால் விளக்கவும் முடியும். இந்தப் பழைய மாதிரியைப் பைத்தானில் ஓட்ட பைபிகேடி என்று பெர்க்லிக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் லைப்ரரி இருக்கிறது, அதில் தொடங்குங்கள்.

அப்புறம் ஹின்ட் பட்டன் வைத்தால் கவனம். ரையன் பேக்கர் 2004-ல் எழுதினார், சில மாணவர்கள் யோசிக்காமல் ஹின்டை அழுத்திக்கொண்டே போய்க் கடைசி ஹின்டில் இருக்கும் விடையை எடுத்துவிடுவார்கள், அவர்கள் கற்பது மற்றவர்களை விடக் குறைவு என்று. நம் லேபில் இது நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது ஆகாதவர் எல்லோரும் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் என்ற கேள்வி வரும். முதலாம் ஆண்டு சேரும்போது 17 வயதில் இருப்பவர்கள் நிறையப் பேர். எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும்போதே பெற்றோர் படிவத்தைத் தமிழிலும் உருதுவிலும் தயாராக வையுங்கள், பின்னால் ஓட வேண்டாம்.

குடியாத்தம்_தேவி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார், அந்த 35 கணக்கைக் கட்டாயம் ஆய்வேட்டில் சேர்க்கிறேன், செயல்வழிக் கற்றலையும்தான். நான் தேடிய கட்டுரைகளில் ஒன்று கூட அதைச் சொல்லவில்லை என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. கைடு பல வருடங்களாக லேர்னிங் ஸ்டைலில்தான் வேலை செய்கிறார், முகத்துக்கு நேராக இது வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பாதிப் பேருக்கு சிஸ்டம் கொடுத்து பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவது மனதுக்கு ஒப்பவில்லை, எல்லோருமே ஃபீஸ் கட்டித்தானே படிக்கிறார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

கைடிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "சார், பாஷ்லர் சொன்ன மாதிரி குறுக்குச் சோதனை நம் ஊர் மாணவர்களிடம் யாரும் செய்யவில்லை போல, ஒரு யூனிட்டில் மட்டும் செய்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள். 44 கேள்வியையும் கொடுங்கள், அதை ஒரு அத்தியாயமாக வையுங்கள். கூடவே மாணவரின் முன்னறிவை வைத்துப் பாடத்தை மாற்றுவது இன்னொரு அத்தியாயம். இரண்டில் எது மதிப்பெண்ணை நகர்த்துகிறது என்பதை டேட்டா சொல்லட்டும். எப்படி வந்தாலும் அது வெளியிடத் தகுந்த முடிவு, தலைப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

பாதிப் பேர் விஷயத்துக்கு வழி எளிது. லூப் யூனிட்டில் ஏ செக்‌ஷனுக்கு சிஸ்டம், ஃபங்ஷன் யூனிட்டில் பி செக்‌ஷனுக்கு. எல்லோருக்கும் கிடைக்கும், ஒப்பிடவும் முடியும். செக்‌ஷன் வாரியாகப் போடாமல் பெயர் வாரியாகக் குலுக்கிப் போட முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் செக்‌ஷனுக்கு செக்‌ஷன் ஆசிரியர் மாறுவார்.

இந்தியாவில் செய்ததில் படிக்க வேண்டியது கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் சாஃப்ட்வேர் பற்றி 2019-ல் வெளியிட்ட ஆய்வு. டெல்லியில் 619 பிள்ளைகள், குலுக்கல் முறை, நான்கரை மாதம். கணக்கில் 0.37 சிக்மா, இந்தியில் 0.23 சிக்மா ஏறியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள், வகுப்பறை ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்த, சாஃப்ட்வேர் பிள்ளை நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. அதில் கவனிக்க வேண்டியது, 90 நிமிடத்தில் 45 நிமிடம்தான் கம்ப்யூட்டர், மீதி 45 நிமிடம் ஒரு உதவியாளர் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதனால் மென்பொருளால் மட்டும் இவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும் அவர்கள் தேர்வில் கீழ் வகுப்புக் கேள்விகளும் இருந்தன. நீங்கள் செமஸ்டர் தாளை மட்டும் வைத்தால், பூஜ்யத்திலிருந்து பாதி தூரம் ஏறி வந்த பிள்ளையின் ஏற்றம் அதில் தெரியாமலே போகும். நான் மேலே செமஸ்டர் மதிப்பெண்ணையும் சேருங்கள் என்றேன், இரண்டும் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரே செமஸ்டரில் ஒன்றும் வரவில்லை என்றாலும் துவண்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், அல்ஜீப்ரா கற்றுக்கொடுக்கும் காக்னிட்டிவ் ட்யூட்டர் என்ற சாஃப்ட்வேர் பற்றி 2014-ல் வெளியிட்ட ஆய்வில் முதல் வருடம் பலன் தெரியவில்லை, உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் வருடம்தான் 0.20 அளவில் வந்தது.

ஆம்பூர்_ஷமீம் எழுதியது:

ஒரு சின்ன விஷயம் மட்டும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி உருது மீடியம் பெண் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரே போன், அது சாயங்காலம் அப்பாவோ அண்ணனோ வந்தால்தான் கைக்கு வரும். ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை வைத்து ஆர்வம், ஸ்டைல் என்றெல்லாம் கணக்கிட்டால் வீட்டு நிலைமையைத்தான் அளப்பீர்கள். வேலையை லேப் நேரத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு வடிவத்தில் கேள்வி வைக்க முடியுமா பாருங்கள் மேடம், ஒன்று ஆங்கிலப் பத்தியாக, ஒன்று வெறும் புரோக்ராமாக. முதலாவதில் தப்பு, இரண்டாவதில் சரி என்று வந்தால் மொழியைத் தனித் திறனாகவே உங்கள் மாதிரியில் சேர்த்துவிடலாம். எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவியாக இருக்கும்.

கேவிகுப்பம்_டேட்டா எழுதியது:

ஷமீம் சொன்னதைத்தான் உங்கள் ஆய்வின் மையமாக வைப்பேன் நான். நாலெட்ஜ் ட்ரேசிங்கில் ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்தத் திறன் வேண்டும் என்று குறிப்பது மனித வேலை, அங்கே ஆங்கில வாசிப்பை ஒரு திறனாகக் குறிக்காத வரை அதன் பழி முழுக்க லூப் மேல்தான் விழும்.

குடியாத்தம்_தேவி எழுதியது:

சரி, முடிவு செய்துவிட்டேன். டி.சி.க்கு முன்னால் போன வருட இன்டர்னல் விடைத்தாள்களை எடுத்து, லூப் கேள்விகளில் வந்த தப்பு விடைகளை எல்லாம் வகை பிரிக்கப் போகிறேன். நான் மட்டும் பிரித்தால் போதாது, இன்னொருவரும் தனியாகப் பிரித்து இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா என்ற எண்ணைக் கணக்கிட வேண்டும். பைத்தான் தெரிந்த யாராவது உதவ முடியுமா? பெயர், பதிவு எண்ணை மறைத்து நகல் எடுத்துத் தருகிறேன்.

கேவிகுப்பம்_டேட்டா எழுதியது:

நான் பிரிக்கிறேன். முதலில் முப்பது தாள் மட்டும் அனுப்புங்கள், அதில் வகைகளை முடிவு செய்துகொண்டு மீதியைப் பார்க்கலாம். ஒன்றும் எழுதாமல் விட்ட தாள்களையும் எடுத்துவிடாமல் சேர்த்து அனுப்புங்கள்.